தோட்டப்புற ஊரில் முகப்படம்: உங்கள் கை தெரியும்படி எடுப்பது எப்படி

மலேசியாவின் தோட்டப்புற ஊர்களில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் திருமணப் படம் இருக்கும், பிள்ளையின் பட்டமளிப்புப் படம் இருக்கும், மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். வருகிறவர்கள் நின்று பார்ப்பது அந்த மாலை போட்ட படத்தை. பெரும்பாலும் அதுதான் மோசமான படமும். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருப்பார்கள். அல்லது யாருடைய கல்யாணக் கூட்டத்திலிருந்தோ வெட்டி எடுத்து, பின்னால் நீலத்தைப் பூசி, முகத்தையும் இரண்டு சுற்று வெளுத்திருப்பார்கள். எழுபது வருடம் வாழ்ந்த மனிதருக்கு அவர் முகத்தைப் போன்ற படம் ஒன்றுகூட இருக்காது.

போர்ட்ரெய்ட்டில் தனிப் பாணி வேண்டும் என்கிறவர்கள் அந்தச் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். பாணி என்றதும் பலர் பிரீசெட் (எடிட்டிங்கில் ஒரே சொடுக்கில் ஏற்றும் தயார் வண்ண அமைப்பு) வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆரஞ்சும் நீலப்பச்சையும் கலந்த அந்தக் கல்யாண வண்ணத்தை ஒரே சொடுக்கில் ஏற்றிவிடலாம், உண்மைதான். ஆனால் அதே பிரீசெட்டை வாங்கிய இன்னொருவரின் படங்களோடு கலந்து வைத்தால், உங்களுடையது எது என்று உங்களாலேயே பொறுக்க முடியாது. எந்த வெளிச்சத்தில் நிறுத்துகிறீர்கள், எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள், எதைப் படச் சட்டத்துக்கு வெளியே விடுகிறீர்கள், எதிரில் இருப்பவரிடம் என்ன பேசுகிறீர்கள் என்ற நான்கையும் ஒரே மாதிரி பலமுறை முடிவெடுத்தால், அதன் படிவுதான் பாணி. சிறிய ஊரில் தேர்வுகள் குறைவு என்பதால் அந்தப் படிவு சீக்கிரம் உருவாகும். சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய், பாடாங் செராய் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது குறையே இல்லை.

கீழே வரும் நேரக் கணக்குகள் சுங்கை சிப்புட்டை வைத்துச் சொல்லப்பட்டவை. தீபகற்பத்தின் மற்ற ஊர்களில் சில நிமிடங்கள் முன்பின்னாக இருக்கும்.

முதல் படி: பழைய படங்களைத் தரையில் பரப்புங்கள்

கடந்த இரண்டு வருடத்தில் எடுத்த ஆள் படங்களில் 200 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் 60 ஆகக் குறையுங்கள். இரண்டு நாள் விட்டு, அதை 20 ஆக்குங்கள். இந்த 20-ஐயும் 4ஆர் (4 × 6 அங்குல) அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்ப்பீர்கள். தரையில்தான் இருபதும் ஒரே நேரத்தில் கண்ணில் விழும்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நீங்கள் எத்தனை அடி தள்ளி நின்றீர்கள், அவர் எங்கே பார்க்கிறார், பின்னால் என்ன இருக்கிறது, உடம்பு எவ்வளவு தெரிகிறது. எழுதி முடித்ததும் எண்ணுங்கள். இருபதில் பன்னிரண்டு பதின்மூன்றில் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வந்திருக்கும். அல்லது பாதிப் பேர் காமிராவைப் பார்க்காமல் இருப்பார்கள். நீங்கள் திட்டமிடாமலே திரும்பத் திரும்பச் செய்தது அது. அதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இங்கே எல்லாரும் செய்கிற தவறு, படத்தில் இருக்கும் ஆளின் மீதுள்ள பாசத்தைப் படத்தின் தரம் என்று எடுத்துக்கொள்வது. தங்கச்சி மகள் சிரிக்கிற படம் கட்டாயம் இருபதுக்குள் வந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு: இருபதையும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். முகம் முகமாகத் தெரியாது. வெளிச்சமும் வடிவமும் மட்டும் தெரியும். அப்படிப் பார்த்தும் நிற்கிற படங்கள்தான் உண்மையில் தேறியவை. எத்தனை லைக் வந்தது என்பதை இந்த இடத்தில் மறந்துவிடுங்கள். குழந்தையும் மணப்பெண்ணும் எந்த வெளிச்சத்திலும் லைக் வாங்குவார்கள்.

இரண்டாம் படி: மற்றவர் படத்தைப் பிரித்துப் படியுங்கள்

ஒரு நல்ல முகப்படத்தைப் பெரிதாக்கிக் கண்மணியைப் பாருங்கள். அதில் விழுந்திருக்கும் வெள்ளைப் புள்ளியின் வடிவம் விளக்கைக் காட்டிக்கொடுக்கும்: சதுரம் என்றால் ஜன்னல் அல்லது சாஃப்ட்பாக்ஸ் (வெள்ளைத் துணி மூடிய பெட்டி விளக்கு), மோதிரம் போல இருந்தால் ரிங் லைட், கண்ணின் மேல்பாதி முழுதும் வெளுத்திருந்தால் திறந்த வானம். மூக்கின் நிழல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது விளக்கின் உயரத்தைச் சொல்லும். நிழலின் ஓரம் கத்தி வைத்து வெட்டியது போல இருந்தால் விளக்கு சிறியது அல்லது தொலைவில் இருந்தது. ஓரம் கரைந்திருந்தால் பெரியது, பக்கத்தில் இருந்தது. இந்த மூன்றையும் படிக்கப் பழகினால் யாருடைய படமும் மர்மமாக இருக்காது.

மூன்று படக்காரர்களின் படங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். மாலி நாட்டின் பமாக்கோவில் 1948-இல் ஸ்டுடியோ திறந்த 'செய்து கெய்தா' (Seydou Keïta), முற்றத்து வெயிலை நம்பி வேலை செய்தவர். அவருடைய முதல் பின்திரை சொந்தப் படுக்கை விரிப்பு. சில வருடங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றினார்; பிற்காலத்தில் அந்தத் துணியை வைத்தே எந்தப் படம் எந்தக் காலத்தது என்று சொல்ல முடிந்தது. அமெரிக்காவின் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளிகளையும் ஊர் ஊராகத் திரிபவர்களையும் வெள்ளைத் தாளுக்கு முன், வெயிலில் இல்லாமல் நிழலில் நிறுத்தி எடுத்தார். அதே நாட்டின் இர்விங் பென் 1948-இல் இரண்டு தட்டிகளைக் குறுகிய கோணத்தில் சேர்த்து ஒரு மூலை உண்டாக்கி, பிரபலங்களை அதற்குள் நிற்கவைத்தார். அந்த இடுக்கில் ஒவ்வொருவரும் என்ன செய்தார்களோ அதுவே படமானது.

மூவருக்கும் பொதுவானது விலையுயர்ந்த கருவி இல்லை. ஒன்றை முடிவுசெய்துவிட்டு அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தை எடுத்து, வெளிச்சம், தூரம், உயரம், சட்டம் எல்லாம் அப்படியே வரும்வரை ஒருமுறை நகல் எடுத்துப் பாருங்கள். பயிற்சிக்கு மட்டும்தான், வெளியே போட வேண்டாம். எங்கே உங்கள் கை அசலிலிருந்து விலகுகிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

மூன்றாம் படி: ஊரின் வெளிச்சத்தை மனப்பாடம் செய்யுங்கள்

ஐரோப்பிய, அமெரிக்கப் பாடங்களில் 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரத்தைச் சொல்வார்கள். இங்கே அந்தக் கணக்கு பொய்த்துவிடும். நாம் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது, மணிக்கு 15 பாகை. அடிவானத்துக்கு மேலே 6 பாகையில் இருக்கும் சூரியன் மறைய 24 நிமிடம்தான் ஆகும். அதிலும் மேற்கே மேகம் இருந்தால் ஒன்றுமில்லை. ஏழு மணிக்கு ஆளை வரச்சொல்லி, அவர் பவுடர் போட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் போயிருக்கும். சூரியன் மறைவது நவம்பரில் 7 மணியை ஒட்டி, பிப்ரவரியிலும் ஜூலையிலும் 7:30-ஐ ஒட்டி. உதயம் ஆண்டு முழுதும் சுமார் 7-க்கும் 7:30-க்கும் இடையில். தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னே தள்ளிவைத்ததால், உச்சி வெயில் 12 மணிக்கு இல்லாமல் சுமார் 1-லிருந்து 1:30-க்குள் வருகிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரில் பத்தாம் தேதி வாக்கிலும் அது நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது வெயிலில் நிற்பவருக்குக் கண் இருக்குமிடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான்.

ஆகவே தங்க ஒளியை நம்பிப் பாணி கட்டாதீர்கள். நாள் முழுதும் கிடைப்பது நிழல், அதை நம்புங்கள்.

பெக்கானில் (சிறு பட்டணத்தில்) கடை வரிசையின் ஐந்தடி நடைபாதைதான் ஊரிலேயே சிறந்த ஸ்டுடியோ. மேலே கூரை, ஒரு பக்கம் திறந்த தெரு, பின்னால் இருண்ட கடை உட்புறம். ஆளை ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நிறுத்தி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்புங்கள். நீங்கள் தெருவில் நின்றால் வெளிச்சம் நேராக விழுந்து முகம் தட்டையாகும். ஐந்தடிக்குள்ளேயே, தெருவுக்கு இணையாக நின்று எடுத்தால் ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் நிழல். நிழல் போதவில்லையென்றால் அந்தப் பக்கத்துத் தூணோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள், அல்லது கறுப்புக் குடையைச் சட்டத்துக்கு வெளியே விரித்துப் பிடியுங்கள். தொடக்கத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/250, அங்கிருந்து கூட்டிக் குறைக்கலாம். எதிர்வரிசைச் சுவரில் வெயில் அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளைச் சுவர் என்றால் உங்களுக்கு இலவச ரிஃப்ளெக்டர். கைப்பேசி நிறுவனத்தின் மஞ்சள் விளம்பரப் பலகை என்றால் முகமும் மஞ்சள்.

லயத்து வீட்டு (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலும் இதே கணக்குதான், ஒரு வித்தியாசத்தோடு. வாசலில் செம்மண் இருந்து அதில் வெயில் அடித்தால், தாடைக்குக் கீழே ஆரஞ்சு ஏறும். எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு, ஏனென்றால் நெற்றி சரியாக இருக்கும், தாடை மட்டும் கெட்டிருக்கும். மண்ணின் மேல் ஒரு கறுப்புத் துணியோ பழைய கான்வாஸோ விரித்துவிட்டால் தீர்ந்தது.

செம்பனைக்குள் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். மரங்களைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவதால், வளர்ந்த தோட்டத்தில் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வரும் வெளிச்சம் முழுதும் பச்சை, அதில் அங்கங்கே வெயில் பொட்டு. பொட்டு விழாத இடத்தில் ஆளை நிறுத்தி, சாம்பல் அட்டையை அவர் முகத்தருகே பிடித்து வைட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) எடுங்கள். அட்டை இல்லையென்றால் ரா கோப்பில் (காமிராவின் மூலக் கோப்பில்) டின்ட் கம்பியைப் பச்சையிலிருந்து மெஜந்தா பக்கம் 10 முதல் 25 வரை தள்ள வேண்டியிருக்கும். தோட்டச் சாலை ஓரத்து முதல் வரிசை நல்ல இடம்; பச்சை பின்னால் போய்விடும், வானம் முன்னால் இருக்கும். ரப்பர் மரங்கள் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்க்கும். அந்தச் சில வாரங்கள் காட்டுக்குள் வெளிச்சம் வெள்ளையாக, மென்மையாக இறங்கும். அதற்கு நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் மழைக்கு முந்திய அரை மணியும் நல்ல நேரம். கோயில் மண்டபம், பொது மண்டபம் போன்ற இடங்களில் குழல் விளக்கோ மலிவு எல்ஈடியோ இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். 1/320 போன்ற வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

குளிர்சாதனக் காரிலிருந்து காமிராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸ் பனிக்கும். துடைக்காதீர்கள். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் வெளிக்காற்றில் வைத்திருந்து பிறகு திறங்கள்.

நான்காம் படி: தோலின் நிறத்தை நிறமாகவே விடுங்கள்

பாணி இங்கேதான் நிற்கும் அல்லது விழும். முகத்தை வெளுப்பாக்குவது நம் ஊர்ப் படக்கடைகளில் கேட்காமலே செய்யும் 'சேவை'. கைப்பேசியின் பியூட்டி மோடும் அதையே செய்கிறது. இரண்டையும் நிறுத்தாமல் எந்தப் பாணியும் வராது.

காமிராவின் மீட்டர், காண்பதையெல்லாம் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இருக்கும் கறுத்த பெரியவரைச் சட்டம் முழுவதையும் அளந்து எடுத்தால், சட்டையைப் பார்த்துவிட்டு மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் சேறாகும். ஸ்பாட் மீட்டரை (சிறு புள்ளியை மட்டும் அளப்பதை) வெளிச்சம் படும் கன்னத்தில் வைத்து அளந்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), மாநிறத்துக்கு அப்படியே அல்லது மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவாகவும், நல்ல கறுப்புக்கு மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் குறைவாகவும் வையுங்கள். குறைக்காமல் விட்டால் கறுப்பு முகம் சாம்பலாக, சோர்ந்து தெரியும். பிறகு ஹிஸ்டோகிராமில் (காமிரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) வேட்டியின் வெள்ளை வலது சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டினால் வேட்டியை நிழலுக்குள் தள்ளுங்கள், முகத்தைப் பலிகொடுக்காதீர்கள்.

கறுத்த தோலின் வடிவம் நிழலில் தெரிவதைவிடப் பளபளப்பில் அதிகம் தெரியும். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு மூன்றிலும் மெல்லிய ஒளிக்கோடு ஓட வேண்டும். அதற்கு விளக்கு பெரியதாக, பக்கவாட்டில், பக்கத்தில் இருக்க வேண்டும். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் அது சிறிய விளக்காகி, பளபளப்பு எண்ணெய்த் திட்டாக மாறிவிடும். ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய சில விஷயங்கள் எந்தப் பாடத்திலும் வராது. படம் எடுக்கப்போகிறோம் என்றால் பாட்டிமார் பவுடரை அப்பிக்கொண்டு வருவார்கள். ஃபிளாஷ் பட்டதும் நெற்றி சாம்பல் பூத்துவிடும். 'அழித்துவிடுங்கள்' என்று சொன்னால் மனம் சுருங்கும். ஈரத் தாளைக் கொடுத்து, 'வேர்த்திருக்கு பாட்டி, லேசா ஒத்திக்குங்க' என்றால் போதும். மஞ்சள் பூசிய கன்னத்தை வைத்து வைட் பேலன்ஸ் பார்க்காதீர்கள். மஞ்சளை ஈடுகட்டப்போய் மற்ற எல்லாம் நீலமாகும். திருநீறு நேர் ஃபிளாஷில் வெறும் வெள்ளைக் கட்டையாக எரியும். விளக்கைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் விரல் தடம்கூடத் தெரியும். கண்ணாடி போட்டவருக்கு விளக்கு பிரதிபலித்தால், காதுப்பக்கக் காம்பைச் சற்று மேலே தூக்கிவிடுங்கள். கண்ணாடி கீழே சாயும், பிரதிபலிப்பு ஓடிவிடும்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய வேர் உண்டு. கோடாக் நிறுவனம் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். அந்த அளவுகோலில் நம் முகம் எப்போதும் 'தவறு'தான். இப்போதைய சென்சாரில் அந்தத் தடை இல்லை. மிச்சமிருப்பது பழக்கம் மட்டும்.

ஐந்தாம் படி: மூன்று மாதத்துக்குக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஒரு லென்ஸ், ஒருவகை வெளிச்சம், ஒரு பின்னணி. மூன்று மாதம். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) காமிராவுக்கு 50 மி.மீ., முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) காமிராவுக்கு 85 மி.மீ. இருந்தால் போதும். கைப்பேசி என்றால் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸ். போர்ட்ரெய்ட் மோடின் பொய் மங்கலை அணைத்துவிடுங்கள், அது மல்லிகைச் சரத்தையும் காதோர முடியையும் தின்றுவிடும்.

முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம். ஒரு மீட்டருக்குள் போனால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் இயல்பாக இருக்கும். அதைவிட முக்கியம், அந்தத் தூரம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலான பேச்சைத் தீர்மானிக்கிறது. ஒன்றரை மீட்டரில் மெதுவாகப் பேசலாம். நான்கு மீட்டரில் கத்த வேண்டும். உங்கள் குணத்துக்கு எது ஒத்துவருகிறதோ அதைப் பிடியுங்கள்.

85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, ஒன்றரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ. தலை கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் கஞ்சி. எஃப் 4-க்கு வந்தால் 7 செ.மீ. கிடைக்கும். மங்கலான பின்னணியைப் பாணி என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் எஃப் 5.6-இல் எடுத்துப் பார்க்கலாம். பின்னணியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வரும்.

பின்திரைக்குப் பழைய கான்வாஸ், பூ வேலை இல்லாத படுக்கை விரிப்பு, அம்மாவின் வெளிறிய நூல் சேலை எதுவும் ஆகும். அகலம் இரண்டு மீட்டர், உயரம் இரண்டரை மீட்டருக்குக் குறையாமல். துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, கீழ் இரண்டு மூலையிலும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலைக் கட்டுங்கள். காற்றும் சுருக்கமும் அடங்கும். ஆளை ஒன்றரை மீட்டர் முன்னே நிறுத்துங்கள். ஒட்டி நின்றால் நிழல் துணியில் விழுந்து அடையாள அட்டைப் படமாகிவிடும். நிறத்தில் நடுச் சாம்பல், காக்கி, மங்கிய நீலம் மூன்றும் நம் தோலுக்கு நன்றாக நிற்கும். கறுப்புத் திரை வேண்டாம் என்பது எங்கள் கருத்து: கறுத்த முடி அதில் கரைந்து முகம் மட்டும் மிதக்கும், அதைக் காப்பாற்றப் பின்னால் இன்னொரு விளக்கு வைக்க வேண்டிவரும்.

ஆறாம் படி: விறைப்பை மதியுங்கள்

வயதானவர்கள் காமிராவைக் கண்டதும் கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, பெரட்டில் (தோட்டத்துக் காலை ஆள்கணக்கில்) நிற்பது போல நிற்பார்கள். இளம் படக்காரர்கள் முதல் வேலையாக அதை உடைக்கப் பார்க்கிறார்கள்: சிரிங்க, அங்க பாருங்க, கையைத் தூக்குங்க. அந்த விறைப்பு பயமில்லை. வாழ்க்கையில் நாலைந்து முறை மட்டுமே படம் எடுத்துக்கொண்டவர்களின் மரியாதை அது. 'தாத்தா, நீங்க எப்படி நிக்கணும்னு நினைக்கிறீங்களோ அப்படியே நில்லுங்க' என்று சொல்லி முதல் ஐந்து படத்தை அப்படியே எடுங்கள். பலருக்கு அதிலேயே நல்ல படம் அமைந்துவிடும்.

பிறகு சின்னச் சின்னதாக மட்டும் கேளுங்கள். எடையை ஒரு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள், தோள் தானாக இறங்கும். தாடையை முன்னால் கொண்டுவந்து இம்மி கீழே. 'மூச்சை விடுங்க' என்று சொல்லி, விட்டு முடித்த நொடியில் எடுங்கள். உட்கார்ந்திருப்பவரை நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள், அவரைச் சிறுபிள்ளையாக்கும். காமிரா அவர் கண்மட்டத்தில், அல்லது நெஞ்சளவில் இருக்கட்டும்.

கைக்கு வேலை கொடுப்பது நல்லதுதான், ஆனால் பொய்யான வேலை வேண்டாம். பால் வெட்டுவதை விட்டு முப்பது வருடமான தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் எங்கிருந்தோ கடன் வாங்கிய ரப்பர் உளியையும் பால் கிண்ணத்தையும் கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது தோட்டப்புறப் படங்களின் பெரிய வியாதி. தோட்டங்களை விட்டு மக்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். இன்று செம்பனைக்குள் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர் அணிவது நிறுவனச் சீருடை என்றால் சீருடையிலேயே எடுங்கள். லாரிச் சாவி, மோட்டார் ஹெல்மெட், பேத்தியின் பள்ளிப்பை, எது அன்றாடம் கையில் இருக்கிறதோ அது போதும்.

பள்ளிப் பிள்ளைகளை எடுக்கும்போது பெற்றோரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். கோயில் வளாகம் என்றால் நிர்வாகத்திடம்.

ஏழாம் படி: 12 வாரம், 24 முகம், ஒரு நோட்டுப் புத்தகம்

வாரத்துக்கு இரண்டு பேர். ஒருவருக்கு அரை மணி, அதிகபட்சம் 40 கிளிக். கெய்தா பெரும்பாலும் ஆளுக்கு ஒரே படம்தான் எடுத்தார். 40 என்பது தாராளம். நோட்டில் தேதி, நேரம், இடம், வெளிச்சத்தின் பக்கம், தூரம், செட்டிங், நீங்கள் சொன்ன எந்த வார்த்தைக்கு முகம் மாறியது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பின்னாளில் அதிகம் உதவும்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரிண்ட் போட்டு, முதல் படியில் பரப்பிய இருபதோடு சேர்த்துப் பாருங்கள். மாற்றத் தோன்றினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லென்ஸையும் துணியையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஐந்தாம் ஆறாம் வாரத்தில் சலிப்பு தட்டும், எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றும். அப்போதுதான் பலர் புது லென்ஸ் பார்க்கப் போகிறார்கள். பின்னணியும் வெளிச்சமும் ஒரே மாதிரி ஆனபிறகுதான் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் மேலே வரும். ஒன்பதாம் வாரம்வரை பொறுங்கள்.

எட்டாம் படி: எடிட்டிங்கில் ஒரே ரெசிபி

மாநிறம், கறுப்பு, சிவப்பு என்று வெவ்வேறு நிறமுள்ள ஐந்து பேரின் ரா கோப்பை எடுத்து, ஐந்துக்கும் பொருந்தும் ஒரே அமைப்பை உருவாக்கிச் சேமியுங்கள். ஒருவருக்குப் பொருந்தி இன்னொருவரைக் கெடுத்தால் அது உங்கள் அமைப்பில்லை. லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு லூமினன்ஸைக் (அந்த நிறத்தின் வெளிச்சத்தைக்) கூட்டினால் தோல் வெளுக்கும்; கறுப்பு வெள்ளையிலும் அப்படியே. அந்தக் கம்பியைத் தொடாமலே வேலை முடிக்கப் பாருங்கள். டெக்ஸ்சரைக் குறைத்து முகத்தைப் பிளாஸ்டிக்காக்க வேண்டாம். பரு, காயம் போன்ற, ஒரு மாதத்தில் மறைவதை நீக்கலாம். தழும்பும் சுருக்கமும் மச்சமும் அவருடையவை.

பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் கடைக்காரர் இல்லை. திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு எடிட் செய்ததுதான். வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் அளவில் வேலை செய்யுங்கள். கடைக்கு அனுப்புவது எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில், 8ஆர் (8 × 10 அங்குல) அளவுக்கு 2400 × 3000 பிக்சல்.

காசுக்கு எடுக்கும்போது

மஞ்சள் நீராட்டுக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறவர்கள் உங்கள் பாணிக்காகக் கூப்பிடுவதில்லை. அவர்கள் கேட்பதை ஒழுங்காகச் செய்து கொடுங்கள். நடுவில் 15 நிமிடம் மட்டும் உங்களுக்கென்று கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவரை வாசல் நிழலில், உங்கள் துணிக்கு முன்னால். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு படத்தை வையுங்கள். அடுத்த வருடம் யாராவது அந்தப் பக்கத்தைக் காட்டி, 'இந்த மாதிரி எங்க அப்பாவுக்கும்' என்று கேட்பார்கள். பொதுவில் காட்டும் தொகுப்பு 12 படத்தைத் தாண்ட வேண்டாம். பலவீனமான பதின்மூன்றாவது மற்ற பன்னிரண்டையும் கீழே இழுக்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு 8ஆர் பிரிண்ட் கொடுங்கள். நம் ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஆகவே நடுவே அட்டைச் சட்டம் வைத்து, இடைவெளி விட்டுச் சட்டகம் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இரண்டின் பின்னாலும் வீட்டில் கூப்பிடும் பெயர், முழுப் பெயர், தேதி, இடம் எழுதுங்கள். இடம் எழுதும்போது பழைய தோட்டப் பெயரையும் இப்போதைய தாமான் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது போல, பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். கலர் பிரிண்ட் தாளின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு கொண்டது, பென்சில் பிடிக்காது. பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் தடம் முன்பக்கம் முகத்தில் தெரியும். சிடி தட்டில் எழுதும் மெல்லிய மார்க்கரை எடுத்து, விளிம்பை ஒட்டி எழுதி, பத்து நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள். காயாமல் அடுக்கினால் ஒருவர் பெயர் அடுத்தவர் நெற்றியில் ஒட்டியிருக்கும்.